மேலே வந்த தண்ணீர் எங்கே போகும்?

“பூமிச் சூட்டுல கரண்ட் எடுக்கலாமாமே தம்பி? நிலக்கரி வேணாம், புகையும் இல்ல. அதுல என்ன கெடுதல் வந்துறப் போகுது?”

கொட்டாம்பட்டி டீக்கடையில் கேட்டவர், இருபது வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஓட்டுகிற அண்ணன். அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கினேன். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். நம் ஆயிரம் அடி போரில் எட்டு, ஒன்பது டிகிரிதான் கூடுகிறது. மின்சாரத்துக்கு அது போதாது. சூடு மேலாகவே கிடைக்கும் இடம் வேண்டும்.

அப்படியோர் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. 14,000 அடிக்கு மேலே, சாங்பா மக்கள் ஆடு மேய்க்கும் புல்வெளி. கருங்கழுத்துக் கொக்குகள் வந்து தங்கும் வட்டாரம். அங்கே 1 மெகாவாட் சோதனை நிலையம் அமைக்க 2021-இல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்தது. 2022 ஆகஸ்டில் துளையிட்டபோது உள்ளிருந்த வெந்நீர் வெளியேறி ஓடையில் கலந்தது. வேலையை நிறுத்தினார்கள்.

“வெந்நிதானே, ஆறுனா சரியாப் போயிரும்ல?”

சூடு ஆறிவிடும், கரைந்து வந்தது போகாது. காலங்காலமாகப் பாறைக்குள் வெந்துகிடந்த நீர் அது. உப்பு, போரான், சில இடங்களில் ஆர்சனிக்கும் சேர்ந்து வரும். போரான் பயிருக்குத் துளி போதும், கூடினால் இலை கருகிவிடும். துருக்கியில் கிசில்தெரே மின்நிலையக் கழிவுநீரை மெண்டெரெஸ் ஆற்றில் விட்டு, அந்த ஆற்றுப் பாசனத்துக்கே அது தலைவலியானது.

மின்சாரத்துக்காக எடுத்த வெந்நீரை உள்ளே திருப்பி விடாவிட்டால் இன்னொரு கெடுதல். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். பல காலம் நீரைத் திருப்பி அனுப்பவில்லை. நிலத்தடி அழுத்தம் குறைந்து, பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீறிட்ட வெந்நீர் ஊற்றுகள் அடங்கிப்போயின. நிலமே ஓரிடத்தில் சுமார் 15 மீட்டர் தாழ்ந்தது.

“பக்கத்துத் தோட்டத்துல ஆழமா போட்டா நம்ம கிணறு வத்துற கணக்குத்தான்” என்றார் அண்ணன். அதே கணக்குதான்.

உள்ளே நீர் செலுத்துவதிலும் நிதானம் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசெலில் 2006-இல், நம் மேலூர்ப் பக்கம் போன்ற கிரானைட் பாறைக்குள், சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தி நீர் செலுத்தினார்கள். 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது, திட்டத்தையே கைவிட்டார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017-இல் ஏற்பட்ட 5.5 அளவு நிலநடுக்கத்துக்கு இப்படி நீர் செலுத்தியதுதான் தூண்டுதல் என்று அரசு அமைத்த குழு 2019-இல் சொன்னது.

ஆனாலும் என் மனம் இந்தச் சூட்டின் பக்கம்தான். நிலக்கரிச் சாம்பலும் புகையும் ஊர் ஊராகச் செய்யும் கேட்டுக்கு முன்னால் இது சிறிது. ஆனால் திட்டத்தோடு வருகிறவர்களிடம் மெகாவாட்டைக் கேட்கும் முன் தண்ணீர்க் கணக்கைக் கேட்க வேண்டும்.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, “கேசிங் எதுவரைக்கும் இறக்குவாங்க?” என்றார். நம் போரில் மண் முடியும்வரைதான் குழாய். கீழே வெறும் பாறை. வெந்நீர்த் துளையிலோ குடிநீர் ஊறும் அடுக்குகளைத் தாண்டும்வரை இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டு ஏற்றி அடைக்க வேண்டும்.

“அந்தச் சிமெண்டு பிடிச்சிருக்கான்னு யாரு இறங்கிப் பாப்பா?”

யாரும் இறங்க முடியாது. கருவியை இறக்கி ஒலியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒலியை வைத்துப் பார்ப்பார்கள் என்றேன். இன்னொரு டீ சொன்னார்.