ரயில் போன வழியில் சைக்கிள் மணி... ஊர்களைப் பிழைக்கவைத்த 152 கிலோமீட்டர்!

ஓர் ஊருக்கு ரயில் நின்றுபோனால் என்ன ஆகும்? முதலில் ஸ்டேஷனுக்குப் பூட்டு. அடுத்து, ஸ்டேஷனை நம்பியிருந்த கடைகளுக்குப் பூட்டு. வேலை தேடி இளைஞர்கள் வெளியூர் கிளம்புவார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிக்கூடமும் மூடப்படும். கடைசியில் மிஞ்சுவது வயல்வெளியும் வயதானவர்களும்தான்.

நியூசிலாந்தின் தென் தீவில் இருக்கும் சென்ட்ரல் ஒடாகோ பகுதிக்கும் 1990-ல் இந்த நிலைமை வந்தது. சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் அகன்ற பள்ளத்தாக்குகள், ஆட்டுப் பண்ணைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னஞ்சிறு ஊர்கள். இவற்றை இணைத்த ஒரே ரயிலும் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால், கதை அதோடு முடியவில்லை. அந்த வெற்றுப் பாதையில் சரளைக்கல்லைப் பரப்பி, 'இங்கே சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் மட்டும்தான் இடம், மோட்டார் வண்டிக்கு இடமில்லை' என்று முடிவெடுத்தார்கள். கிளைட் என்ற ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கி.மீ. நீளம். 'ஒடாகோ சென்ட்ரல் ரயில் ட்ரெயில்' என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் பாதை இதுதான்.

அணைக்குச் சாமான் சுமந்த ரயில்

1861-ல் ஒடாகோவில் தங்கம் கிடைத்தது. மண்வெட்டியும் சல்லடையுமாக ஆயிரக்கணக்கானவர்கள் மலைக்குள் புகுந்தார்கள். ரயில் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். 1879-ல் டுனெடின் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை தொடங்கியது. பாறையைக் குடைந்து, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி முன்னேறிய பாதை 1891-ல் மிடில்மார்ச்சைத் தொட்டது. 1898-ல் ரன்ஃபர்லி, 1907-ல் கிளைட், 1921-ல் கடைசி ஊரான குரோம்வெல். நாற்பது வருடங்களுக்கும் மேல் நீண்ட வேலை!

தங்கம் தீர்ந்த பிறகு கம்பளியையும் ஆடுகளையும் பழங்களையும் டுனெடினுக்குச் சுமந்தது ரயில். சாலைகள் நன்றாகி, லாரிகள் பெருகியதும் கூட்டமும் சரக்கும் குறைந்தன. அப்போதுதான் கிளைட்டில் பெரிய அணை கட்டும் திட்டம் வந்தது. அணைக்காக, கிளைட்டுக்கு அப்பால் குரோம்வெல் வரையிலான ரயில் பாதை 1980-ல் மூடப்பட்டது. மீதிப் பாதைக்கு இருந்த முக்கிய வேலையே அணைக்கான சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அந்த வேலையும் முடிந்ததும் 1990-ல் மிடில்மார்ச்சுக்கு மேலே இருந்த பாதை முழுவதும் மூடப்பட்டது. 1984 முதலே அரசு மானியங்களை இழந்து திணறிக்கொண்டிருந்த பண்ணைக் குடும்பங்களுக்கு இது இன்னோர் இடி.

'யார் வரப்போகிறார்கள்?'

1993-ல் நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இந்த நிலத்தை வாங்கி, சைக்கிள் பாதையாக்கப்போவதாகச் சொன்னது. ஊர்க்காரர்கள் எல்லோரும் கைதட்டவில்லை. எதிர்த்தவர்களும் உண்டு. பாதை போவது பண்ணைகளின் நடுவே. யாரோ வந்து கேட்டைத் திறந்துபோட்டுப் போனால் ஆடுகளின் கதி என்ன? கோடைக் காலத்தில் காய்ந்த புல்லில் தீப்பிடித்தால்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வனாந்தரத்தில் சைக்கிள் மிதிக்க யார் வரப்போகிறார்கள்?

ஆனாலும், நம்பியவர்கள் விடவில்லை. 1994-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி நிதி திரட்டினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பெரிய ஜல்லியில் சைக்கிள் ஓடாது. அதனால் அதன் மேல் பொடிச் சரளையைக் கொட்டி இறுக்கினார்கள். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரியும்படி திறந்து கிடந்த பாலங்களுக்கு மரப்பலகைத் தளமும் கைப்பிடிக் கம்பியும் போட்டார்கள். பகுதி பகுதியாக வேலை நடந்து, 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

மலைதான், ஆனால் மூச்சு வாங்காது!

மலையில் சைக்கிள் என்றதும் கால் வலிக்குமே என்று தோன்றும். இங்கே அந்தப் பயம் வேண்டாம். காரணம், பழைய நீராவி இன்ஜின். வழவழப்பான தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரம், செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கும். அதனால் ரயில் பொறியாளர்கள் மலையை நேராக ஏறாமல், வளைத்து வளைத்துப் பாதை போட்டார்கள். இந்தப் பாதையில் ஏற்றம் 50-க்கு 1-ஐத் தாண்டுவதில்லை. அதாவது, 50 மீட்டர் மிதித்தால் 1 மீட்டர்தான் உயர்வீர்கள். அன்று இன்ஜினுக்காகப் பட்ட பாடு, இன்று பத்து வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் உதவுகிறது. வெட்டர்பர்ன், ஓட்டுரெஹுவா என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே பாதை 618 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. இதுதான் உச்சி. அதை எட்டிவிட்டது, போர்டைப் பார்த்தால்தான் பலருக்குத் தெரியும்.

சில இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். மற்றபடி ஹார்ன் சத்தம் இல்லை, புகை இல்லை, பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் பதற்றம் இல்லை. எதிர்க்காற்று மட்டும் சில நாள்களில் வம்பு செய்யும்.

வழியெல்லாம் கதை

லாடர் ஊரைத் தாண்டியதும் பூல்பர்ன் பள்ளம். 37 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலமும், மலையைக் குடைந்த இரண்டு சுரங்கங்களும் இங்கே இருக்கின்றன. சுரங்கத்துக்குள் விளக்கு கிடையாது. டார்ச் அடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி.

அடுத்த ஊரான ஓட்டுரெஹுவாவுக்குப் பக்கத்தில் ஹேய்ஸ் குடும்பத்தின் பழைய பட்டறை இருக்கிறது. எர்னஸ்ட் ஹேய்ஸ் 1895-ல் தொடங்கிய இந்தப் பட்டறையில், வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவி உட்பட விவசாயிகளுக்கான பல கருவிகள் உருவாயின. செய்தால் போதுமா, விற்க வேண்டாமா? அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் அவர் மனைவி ஹன்னா. நல்ல சாலைகூட இல்லாத காலத்தில், பண்ணை பண்ணையாகச் சைக்கிளிலேயே போய் ஆர்டர் பிடித்துவந்தார். ரயில் ட்ரெயில் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிளால் குடும்பத்தை வளர்த்த பெண் அவர்! பட்டறை இன்று பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

வெட்டர்பர்னில் பச்சை நிறத்தில் ஒரு பழைய கூட்ஸ் ஷெட். ஓவியர் கிரஹாம் சிட்னி வரைந்த பனிக்கால ஓவியத்தால் புகழ்பெற்ற ஷெட் இது. ரன்ஃபர்லி, நியூசிலாந்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவான இடம். 1903 ஜூலையில் மைனஸ் 25.6 டிகிரி செல்சியஸ்! இங்கே சூரியனை வைத்து, இரண்டு பக்கமும் பாதையோரத்தில் கிரகங்களின் மாதிரிகளை வைத்திருக்கிறார்கள். 'அடுத்து வியாழன், அதற்கடுத்து சனி' என்று பிள்ளைகள் களைப்பு தெரியாமல் மிதிக்க இது நல்ல உபாயம்.

ஹைட் ஊருக்கு அருகே சைக்கிள்கள் தானாகவே மெதுவாகின்றன. 1943 ஜூன் 4 அன்று ஒரு பயணிகள் ரயில் இங்கே தடம்புரண்டதில் 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களுக்காகக் கற்களை அடுக்கி எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது.

மெதுவாகப் போவதே வருமானம்

இந்தப் பாதையில் போகக் கட்டணம் கிடையாது. பிறகு எப்படி ஊர்கள் பிழைத்தன? கணக்கு எளிது. கிளைட்டிலிருந்து மிடில்மார்ச்சுக்குக் காரில் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வழியில் ஒரு காபி குடித்தால் உண்டு. சைக்கிளில் போகிறவருக்கோ மூன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். தினமும் ராத்திரி எங்காவது தங்கியாக வேண்டும். காலையில் சாப்பாடு, மதியம் சூடாக ஏதாவது, பங்சர் ஆனால் ரிப்பேர் என்று செலவெல்லாம் வழியில் இருக்கும் சின்ன ஊர்களில்தான். ஊர்களுக்கு இடையே தூரமும் அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது.

அதனால்தான் பயன்படாமல் கிடந்த பழைய கட்டடங்கள் தங்கும் விடுதிகளாயின. பண்ணை வீட்டின் மிச்ச அறைகளுக்கு விருந்தினர்கள் வந்தார்கள். மூடும் நிலையில் இருந்த ஊர்க் கடைகளில் மறுபடி வியாபாரம். பயணிகளின் பைகளை வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. ஆரம்பத்தில் எதிர்த்தவர்கள் மத்தியிலிருந்தும் விடுதி நடத்துபவர்கள் வந்தார்கள். அதே வழியில் ஒரு வேகமான சாலையைப் போட்டிருந்தால், இந்த ஊர்களை வண்டிகள் இன்னும் சீக்கிரமாகக் கடந்து போயிருக்கும். அவ்வளவுதான்.

இதைப் பார்த்துத்தான் 2009-ல் நாடு முழுக்கச் சைக்கிள் பாதைகள் அமைக்கும் திட்டத்தை நியூசிலாந்து அரசு கையில் எடுத்தது. அணைக்காக ரயிலை இழந்த கிளைட் - குரோம்வெல் பகுதியிலும், அணையால் உருவான டன்ஸ்டன் ஏரியின் ஓரமாக 2021-ல் ஒரு சைக்கிள் பாதை திறக்கப்பட்டது.

கிளம்புவோர் கவனத்துக்கு...

* நமக்குக் குளிர்காலம் என்றால் அங்கே கோடை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். ஏப்ரலில் மரங்களெல்லாம் பொன்னிறமாகியிருக்கும்.

* சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம். பாதையோர ஊர்களிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு பேட்டரி சைக்கிள் உண்டு.

* ஹெல்மெட் போடுவது அங்கே சட்டம். டார்ச், தண்ணீர், காற்றைத் தாங்கும் மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

* ஊர்கள் சிறியவை, அறைகள் குறைவு. தங்கும் இடத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

* ஒவ்வோர் ஊரிலும் முத்திரை குத்திக்கொள்ள 'பாஸ்போர்ட்' போல ஒரு சின்னப் புத்தகம் விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு மறக்காமல் ஆளுக்கொன்று வாங்கிக்கொடுங்கள். 'அடுத்த முத்திரை எங்கே?' என்று அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்!