மிளகாய்ச் செடிக்குள் ஒரு கன்ட்ரோல் பேனல்

துத்தநாகம் என்றால் நமக்கு என்ன தெரியும்? ஜி.ஐ. பைப்புக்கு மேல்பூச்சு, பித்தளையில் செம்புக்குத் துணை, அவ்வளவுதான். அதே துத்தநாகம் மிளகாய்ச் செடிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த ஜீன் ஓடணும், எது நிற்கணும் என்று தீர்மானிக்க உதவுகிறது என்றால் 'சும்மா கதை விடாதே' என்பீர்கள். எலக்ட்ரிக்கல்காரனுக்குத் தாவரவியல் எதற்கு என்று கேட்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். இது நம்ம கன்ட்ரோல் சர்க்யூட் சமாசாரம்தான்.

ஜீன் ஒரு மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓடினால் புரதம் கிடைக்கும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் செடி தாங்காது. ஆகவே ஜீனுக்கு முன்னால் உள்ள டி.என்.ஏ. பகுதியைப் பிடித்துக்கொண்டு அதை ஓட்டவோ நிறுத்தவோ சில புரதங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் 'படியெடுத்தல் காரணி' என்று போட்டிருக்கும். எனக்கு அது கான்டாக்டர்!

இந்தக் கான்டாக்டர்களில் ஒரு குடும்பத்துக்கு 'துத்தநாக விரல்' என்று பெயர். 1985-ல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளுக் குழுவினர் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் இருந்த ஒரு புரதத்தை ஆராய்ந்து இதைச் சொன்னார்கள். சுமார் 30 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு. அதில் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரே ஒரு துத்தநாக அணுவை நாலு பக்கமும் பிடித்துக்கொள்ளும். அந்த போல்ட்டைக் கழற்றினால் விரல் குலைந்துவிடும். மடங்கிய விரல் டி.என்.ஏ.வின் பள்ளத்துக்குள் நுழைந்து, பொதுவாக மூன்று எழுத்தைத் தடவிப் படிக்கும்.

செடிகளில் இந்த வகை 1992-ல் பெட்டூனியாவில் கிடைத்தது. செடியின் விரல்கள் பலவற்றில் க்யூ-ஏ-எல்-ஜி-ஜி-ஹெச் என்று ஆறு எழுத்து வரும். மோட்டாரில் நேம் பிளேட் இருக்குமே, அது மாதிரி! அதை வைத்தே கம்ப்யூட்டரில் குடும்பத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

இப்போ மிளகாய்க்கு வருவோம். 2014-ல் அதன் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது. மொத்தம் சுமார் 350 கோடி எழுத்து. தக்காளியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. ஆனால் ஜீன் எண்ணிக்கை கேட்டா ரெண்டுக்கும் சுமார் 35,000தான்! மீதி பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் வெற்று வரிகள். மோட்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது, வயரிங்கையும் பார்க்கணும்.

மிளகாய்க்குப் பெரிய தலைவலி பாக்டீரிய இலைப்புள்ளி நோய். இலை கொட்டிப்போய் காய் வெயிலில் வெந்துவிடும். செம்பு மருந்து அடித்தால், அதற்கும் அசராத பாக்டீரியா வந்துவிட்டது. கிம்ச்சியில் மிளகாய்த்தூள் கொட்டும் கொரியாவில் 2004-ல் ஒரு குழு, இந்தக் கிருமி தாக்கியதும் மிளகாயில் சீக்கிரமே ஆன் ஆகிற சி.ஏ.இசட்.எஃப்.பி-1 என்ற துத்தநாக விரல் ஜீனைக் கண்டுபிடித்தது. அதை அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் புகுத்தி ஓட்டியபோது, அது வேறொரு பாக்டீரியாவையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியது. ஒரே சுவிட்சில் ரெண்டு லோடு!

உடனே குதிக்க வேண்டாம். அராபிடாப்சிஸ் மிளகாய் அல்ல, லேப் தொட்டி வயலும் அல்ல. அதோடு, ஸ்டார்ட் பட்டனை அமுக்கியபடியே கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஜப்பானில் வேறு குடும்பத்து வறட்சிச் சுவிட்ச் ஒன்றை எப்போதும் ஆன் நிலையில் வைத்தபோது செடி குட்டையாகிப்போனது. 1999-ல் அதே குழு அதை, தண்ணீர் குறைந்தால் ஆன் ஆகிற ஒரு ஜீனின் முன்பகுதியோடு இணைத்தது. செடி வறட்சியையும் தாங்கியது, குட்டையாகிற கோளாறும் பெருமளவு குறைந்தது.