நடு பிசகாத லென்ஸ்

கோள வளைவுள்ள லென்ஸுக்கு இரண்டு அச்சுகள் உண்டு. முன்முக வளைவின் மையத்தையும் பின்முக வளைவின் மையத்தையும் இணைக்கும் கோடு ஒளியியல் அச்சு. வட்ட விளிம்பின் நடுவே செல்லும் கோடு விளிம்பு அச்சு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால்தான் லென்ஸ் கணக்குப்படி வேலை செய்யும். தேய்த்து மெருகேற்றிய கண்ணாடியில் அவை தாமாகப் பொருந்துவதில்லை. விளிம்பு ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் நிற்கும்.

20 மி.மீ. விட்டமுள்ள லென்ஸில் அந்தத் தடிப்பு வேறுபாடு 0.0175 மி.மீ. என்றால், அதன் இரு முகங்களும் ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு சாய்ந்திருக்கின்றன என்று பொருள். தலைமுடியின் தடிப்பைவிடச் சிறிய இந்தப் பிழையே ஒளியைப் பாதை மாற்றப் போதும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 ஆக இருந்தால், சாய்வில் பாதியளவுக்கு ஒளிக்கதிர் விலகும்.

கேமரா லென்ஸை எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் ஷா ஆலாமில் கேனன் நிறுவனத்தின் ஒளியியல் ஆலை 1988இல் நிறுவப்பட்டது. அந்நிறுவனம் 2015இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் மலேசியத் தயாரிப்பு என்ற முத்திரையோடு விற்பனைக்கு வந்தது. அதனுள் 6 கண்ணாடிகள் உள்ளன. அவற்றின் கோள முகங்களின் வளைவு மையங்கள் அனைத்தும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். விலகினால் படத்தின் ஒரு ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் விழும். நடுவிலுள்ள ஒளிப்புள்ளிக்குக்கூட ஒரு பக்கம் வால் நீளும்.

பழைய முறையில், சுழலும் குழாயின் முனையில் சூடான கீல் கொண்டு லென்ஸை ஒட்டுவார்கள். அதன் முகத்தில் தெரியும் விளக்கின் பிம்பம் ஆடாமல் நிற்கும்வரை குச்சியால் நகர்த்துவார்கள். கீல் இறுகியபின் விளிம்பைச் சாணை பிடிப்பார்கள். பிறகு வந்த இயந்திரம், நேரெதிராக அமைந்த இரு உலோகக் கிண்ணங்களுக்கு இடையே லென்ஸை அழுத்துகிறது. வளைவு காரணமாக லென்ஸ் வழுக்கிச் சென்று தானே நடுவில் அமர்கிறது. வைரச் சக்கரம் விளிம்பைச் சீவுகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வளைவு குறைந்த லென்ஸில் கிண்ணத்தின் அழுத்தம் உராய்வை வெல்லாது. லென்ஸ் பாதியிலேயே நின்றுவிடும். இரு முகங்களும் ஏறத்தாழ ஒரே மையத்தைச் சுற்றி வளைந்த பிறை வடிவ லென்ஸிலும் இதே சிக்கல்தான். அவற்றைச் சுழற்றி, பிரதிபலிக்கும் ஒளியை அளந்தே நடுப்படுத்த வேண்டும். கோளமல்லாத முகத்துக்கோ தனக்கென்று ஓர் அச்சு உண்டு. அது எதிர்முகத்தின் மையத்தை விட்டு விலகியிருந்தால் விளிம்பை எப்படிச் சீவியும் பயனில்லை. வார்ப்பச்சில் வார்க்கும் லென்ஸுக்கு வார்ப்பச்சின் இரு பாதிகளையும் முதலிலேயே நேராக்க வேண்டும்.

தனித்தனியே சரியான கண்ணாடிகளும் குழலுக்குள் பிசகலாம். எளிதில் நுழைய விடும் சிறு இடைவெளியே அவை சாயவும் இடம் தருகிறது. அதனால் உயர்தர லென்ஸ்களில் ஒரு கண்ணாடியை மட்டும் பக்கவாட்டில் நகரவிட்டு, பிம்பத்தைப் பார்த்துச் சரிசெய்தபின் பசையிட்டு நிறுத்துகிறார்கள்.

இந்தச் சுமையைக் குறைக்கும் வழி வடிவமைப்பிலேயே தொடங்குகிறது. வடிவமைப்பாளர் ஒவ்வொரு முகத்தையும் கணினியில் சிறிது சாய்த்து, படம் எவ்வளவு கெடுகிறது என்று பார்க்கிறார். அதிகம் கெடுக்கும் முகத்தின் வளைவைத் தணித்து, ஒளியை வளைக்கும் வேலையைப் பல முகங்களுக்குப் பிரித்துத் தருகிறார். காகிதத்தில் மிகக் கூர்மையான படம் தரும் வடிவத்தைவிட, ஆலையில் நேரும் சிறு பிசகைத் தாங்கும் வடிவமே தயாரிப்புக்கு ஏற்றது.