ஒரு லேஞ்சிக்கு எத்தனை அர்த்தங்கள்!

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பற்றி வாசிக்கத் தொடங்கிய பின்னர், ஸ்பானிய மொழியையும் சிறிது சிறிதாகக் கற்று வருகிறேன். அம்மொழியில் 'பன்யுவேலோ' என்றொரு சாதாரண சொல் உண்டு. கைக்குட்டை என்பது அதன் பொருள். நாங்கள் லேஞ்சி என்கிறோமே, அதுதான். எமது லேஞ்சியும் 'லென்சோ' என்ற போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்ததே.

'பான்யோ' என்றால் துணி. பன்யுவேலோ என்றால் சிறு துணி. ஆகவே தலையில் கட்டுவதும் பன்யுவேலோ, கழுத்தில் கட்டுவதும் பன்யுவேலோ. எதிர்பாராத இடத்தில் தெரிந்தவரைக் கண்டால் "உலகம் ஒரு பன்யுவேலோ" என்பார்கள். உலகம் அவ்வளவு சிறியதாம்! பிறர் துயரத்தைக் கேட்டு ஆறுதல் சொல்பவரைக் 'கண்ணீர்த் துணி' என்பார்கள்.

ஆர்ஜென்டீனாவிலோ இச்சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அங்கே 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். 1977 ஏப்ரல் 30 ஆம் திகதி, 14 பெண்கள் தம் பிள்ளைகளைத் தேடி, புவனஸ் அயர்ஸ் நகரின் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னுள்ள மே சதுக்கத்தில் கூடினர். கூட்டமாக நிற்கக்கூடாது என்று பொலிஸார் தடுத்தபோது, இருவர் இருவராகக் கைகோர்த்து நடந்தனர். பின்னர் வியாழக்கிழமை தோறும் நடந்தனர்.

அதே ஆண்டு ஒக்டோபரில் லுஹான் மாதா ஆலய யாத்திரைக்குச் சென்றபோது, சனத்திரளில் ஒருவரையொருவர் அடையாளம் காண வெள்ளைத் துணியைத் தலையில் கட்டினர். அது குழந்தைகளுக்குக் கட்டும் துணி! அன்று முதல் வெள்ளைப் பன்யுவேலோ அத்தாய்மாரின் அடையாளமாயிற்று. அவர்களை ஒன்றுசேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் அவ்வாண்டு டிசம்பரில் தானும் கடத்தப்பட்டார். 2005 இல் அவரது எச்சங்கள் அடையாளம் காணப்பட்டு, சாம்பல் அதே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

அயல்நாடான சிலியில் 'குவேக்கா' என்ற சோடி நடனத்தை ஆணும் பெண்ணும் கையில் பன்யுவேலோவை வீசியபடி ஆடுவார்கள். 1978 இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் பெண் உறவினர் அந்நடனத்தைத் தனியாக ஆடினர். கையில் பன்யுவேலோ, நெஞ்சில் தொலைந்தவரின் படம். சோடியின் இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த வெறுமையே அவர்களின் கேள்வி.

"அழுது என்ன கண்டாய்?" என்று உறவினரே கேட்பதாக நான் சந்திக்கும் தாய்மார் பலர் சொல்வதுண்டு. கண்ணீர் துடைத்த துணியையே அடையாளமாக்கி, அரசிடம் பதில் கேட்ட பெண்களின் கதை அவர்களுக்குத் தெரிய வேண்டும். எமது மண்ணிலும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தாய்மார் வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்தார்கள். அதுவும் இதே கேள்விதான்.

சகோதரிகளே, அந்தப் 14 பேரும் முதலில் தனித்தனியே அலைந்தவர்களே. அலுவலக வாசல்களில் சந்தித்துப் பேசியதால்தான் ஒன்றானார்கள். உங்கள் ஊரிலும் தனியே அழும் ஒரு தாய் இருக்கக்கூடும். ஒரு பின்னேரம் அவரிடம் போய் வாருங்கள். காணாமற் போனவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள். ஒருவருக்கொருவர் கண்ணீர்த் துணியாக இருப்போம்.