ரோதையும் கோச்சியும் சிங்கரும்: தெரியுமா உங்களுக்கு?

ஓடுகிற சக்கரத்தில் ஓடாத இடம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? தரையைத் தொடும் அந்த அடிப்புள்ளி! சக்கரம் வழுக்காமல் உருளும் வரை, தரையில் படுகிற கணத்தில் அந்தப் புள்ளிக்கு அசைவே கிடையாது. உச்சிப் புள்ளியோ வண்டியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. அக்குறணை டவுனில் மாத்தளை வீதியோரம் நின்று, போகிற சைக்கிள் ஒன்றை 1/60 விநாடியில் கமராவை அசைக்காமல் எடுங்கள். பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். கீழே இருக்கும் கம்பிகளை எண்ணிவிடலாம், மேலே இருப்பவை புகையாகிப் போயிருக்கும். இதை முதன்முதல் கண்ட இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

வீட்டு ஃபேனைப் போனில் எடுத்தால் இறக்கைகள் வாழைப்பழம்போல வளைந்து தெரிவது ஏன், தெரியுமா? பெரும்பாலான போன்கள் படத்தை ஒரே அடியில் எடுப்பதில்லை, வரிவரியாக வாசிக்கின்றன. கடைசி வரிக்கு வருவதற்குள் இறக்கை இடம் மாறிவிடுகிறது! இன்னொன்று: நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்கு அது தெரியாது. 1/1000 விநாடியில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டிகளாக வந்து நிற்கும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் பட்டிகள் மாயம். தொழிற்சாலைக்குள் கமராவோடு போகிறவர் முதலில் பழகவேண்டிய பாடம் இது.

சரி, எங்கே போவது? அக்குறணையிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறுங்கள், அங்கிருந்து ஹந்தானை மலைக்கு. 1925இல் கட்டிய நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகக் கதவு திறந்தது. பழைய எஞ்சின்கள், கொழுந்து அரைக்கும் உருளைகள், சலிப்பான்கள், உலர்த்திகள் என்று இரும்பும் பித்தளையும் குவிந்து கிடக்கிற இடம். உள்ளே போனால் நான் அரைநாளுக்குக் குறைந்து வெளியே வந்ததில்லை.

அந்த உருளை இயந்திரத்துக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் ரோதை. போர்த்துக்கேயர் சக்கரத்தை ‘ரோடா’ என்றார்கள். சிங்களத்தில் அது ‘ரோதய’ ஆனது, மலைநாட்டுத் தமிழில் ரோதை! கடலோரத்துக்கு வந்த கப்பற்காரன் சொல் மலை ஏறி தேயிலை ஸ்டோருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதோடு நிற்கவில்லை. அந்த ரோதைக்குக் காவலாக ஒரு தெய்வமே இருக்கிறது, தெரியுமா? ரோதமுனி! கையும் உடுப்பும் சிக்கினால் விடாத இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுக்க நின்ற மனிதர்கள், அதற்குள் ஒரு முனியைக் கண்டு கும்பிட்டார்கள். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டபோது அந்த மக்கள் பட்ட பயமும் பாசமும் எனக்கு முழுதாக விளங்கியது.

ரோதையின் அசைவு இன்னும் அதிசயம். மேலே உள்ள பெட்டி தன்னைத்தானே சுற்றுவதில்லை! மாவரைக்கும் கை போல, முகம் திருப்பாமல் வட்டமடிக்கிறது. கீழே மேசை, அதில் பித்தளைச் சட்டங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.3 விநாடி. ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்தால் பெட்டி வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்திருக்கும். மேசை அசையாத வகை ரோதையாக இருந்தால் பித்தளை கூர்மையாக நிற்கும், அதன்மேல் பெட்டி ஒரு வெண்புகை! இதற்கு ஓடுகிற தொழிற்சாலை வேண்டும், துரையின் அனுமதியும் வேண்டும். ஒரு விஷயம் மறக்கவே வேண்டாம்: கமரா வாரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடும் பெல்ட் பக்கத்தில் குனியாதீர்கள். கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் போங்கள்.

இந்த இயந்திரங்கள் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தவைதானே என்று நினைக்கிறீர்களா? ஜோன் வோக்கர் என்ற பொறியியலாளர் 1854இல் கண்டியிலேயே பட்டறை போட்டார். அப்போது மலையெல்லாம் கோப்பி. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரங்கள்தான் அவர் தொழில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கோப்பியை இலைநோய் தின்றபிறகு அதே கம்பனி தேயிலை இயந்திரங்களுக்கு மாறியது. ஹந்தானையில் ஒரு வார்ப்பிரும்புத் தகட்டைக் கண்டால் அதில் வார்த்திருக்கும் பெயரையும் ஊரையும் கிட்டப் போய் எடுங்கள். எனக்கு முழு இயந்திரத்தின் படத்தைவிட அந்த எழுத்துகளின் படம்தான் பிரியம்.

அடுத்தது கடுகண்ணாவ. இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்குப் போனது 1864 டிசம்பர் 27. சரியாக 150 வருடம் கழித்து, 2014இல் அதே நாளில் கடுகண்ணாவ ரயில் நூதனசாலை திறக்கப்பட்டது! அங்கே நீராவி எஞ்சின்களின் சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கலாம். அதே ஊரில் வீதிகளுக்கும் ஒரு நூதனசாலை உண்டு. நீராவியில் ஓடிய பழைய ரோட் ரோலர்கள் அங்கே மழை வெயில் பார்த்து நிற்கின்றன. மழை விட்ட பத்தாவது நிமிடம் போங்கள், ஈர இரும்பின் நிறமே வேறு.

ஏறத்தாழ 45 அடி போனால் ஓர் அடி ஏறும் கடுகண்ணாவ மலைப்பாதையில் கோச்சி ஊர்வதைப் படமெடுக்கிற ஆசை இன்றைக்கு வந்ததல்ல. ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய புகைப்பட நிலையங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பாறை விளிம்பில் போகும் அந்தப் பாதையைப் படமாக்கின. ஈரக் கண்ணாடித் தகடு காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கூடாரத்தில் கழுவவேண்டிய காலம் அது! பல விநாடி திறந்திருக்கும் கமராவில் ஓடுகிற ரயில் எப்படிப் பதியும்?

டீசல் கோச்சிகள் பலவற்றில் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, தெரியுமா? அது சுற்றுவது ஒரு மின்பிறப்பாக்கியை. அந்த மின்சாரம் அச்சில் உள்ள மோட்டருக்குப் போய் அங்கே சக்கரம் சுழல்கிறது. கொழும்புத் திட்ட உதவியாக 1954 முதல் கனடா தந்த எம்-2 எஞ்சின்களில் 12 சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒன்பது லீற்றருக்கு மேல்! நம் ஓட்டோவின் எஞ்சின் முழுதும் சேர்ந்தாலும் கால் லீற்றர் தேறாது. கனடாவின் மாகாணப் பெயர்களை அவற்றில் பலவற்றுக்குச் சூட்டினார்கள். 2004 கடற்கோளில் பெரலிய கிராமத்தில் அலை புரட்டிய ரயிலை இழுத்துப் போனது 591ஆம் இலக்க ‘மனிடோபா’. திருத்தப்பட்டு அது மீண்டும் தண்டவாளம் ஏறியது. அந்தப் பெயர்ப்பலகையைப் படமெடுக்கிறவர் ஒரு நிமிடம் கமராவை இறக்கிவிட்டு நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்குறணை வழியே போகும் நம் ஏ-9 வீதிக்குக் கிழக்கே மலைக்கு அடியில் மகாவலி ஓடுகிறது, தெரியுமா? பொல்கொல்லையில் மறித்த தண்ணீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் போய் உக்குவளை மின்நிலையத்தில் விழுகிறது. 1976 முதல் இந்த ஏற்பாடு. இப்படியான இடங்களில் கேட்காமல் கமராவைத் தூக்கக் கூடாது.

தூரம் போக வசதியில்லையா? ஊரில் மொறிஸ் மைனர் ஒன்று நின்றால் நேர் முன்னே குந்துங்கள். பொனற்றின் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடும். வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தார். அந்த அறுவையின் தழும்புதான் அந்தப் பட்டி!

அதுவும் இல்லையா? உள்ளறையில் உம்மாவின் சிங்கர் தையல் மிசின் இருக்கும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். ஊசியின் காது கீழ்முனையில் ஏன், தெரியுமா? மேல்நூல் துணியைக் கடந்து சிறு வளையமாக விரியவேண்டும், கீழே உள்ள நூற்கண்டு முழுசாக அந்த வளையத்துக்குள்ளால் புகுந்து வரவேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இது நடக்கிறது! மேல்தகட்டை நகர்த்தி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, போனை மேசையில் சாய்த்து வீடியோவில் போடுங்கள். உம்மாவை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். நான் எடுத்த படத்தில் வெள்ளை நூல் வளையம் ஒரு பிறைபோல விரிந்து நிற்கிறது. ஐம்பது வருடமாய் அந்த மிசினை மிதித்த உம்மா, அதைப் பார்த்துவிட்டு இன்னொருமுறை போடச் சொன்னார்.