1,10,000 டாலர் கேட்டாங்க, 6,00,874 வந்துச்சு: ஒரு ராப் ஆல்பத்தோட கணக்கு



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், ஃபார்ம் 16னு பேசுவோம். இன்னிக்கு ஒரு அமெரிக்க ராப் ஆல்பத்தோட கணக்கைப் பார்க்கப் போறோம். காரணம் இருக்கு. முதல் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்ததும் சிடிசி போட்டிருக்கிற பக்கத்தை மட்டும் பார்த்துட்டு கையெழுத்து போடுறவங்க நம்மள்ல நிறைய பேர். நானும் அப்படித்தான் போட்டேன். படிக்காம விட்ட மத்த பக்கங்களுக்கு என்ன விலைன்னு இந்தக் கதை சொல்லும்.

குழுவோட பேரு டி லா சோல். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டு, அதுல அமிட்டிவில்னு ஒரு ஊர். அங்க ஸ்கூல்ல பழக்கமான மூணு பேர்: பாஸ்டனூஸ், டேவ், மேசியோ. 1989ல "3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்"னு முதல் ஆல்பம் போட்டாங்க. அப்போ அவங்களுக்கு வயசு பதினெட்டுல இருந்து இருபதுக்குள்ள. அதாவது நீங்க காலேஜ் படிக்கிற வயசு. ஆல்பம் பெரிய ஹிட். அமெரிக்காவுல பிளாட்டினம், அதாவது 10 லட்சம் பிரதி. பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியல்லயும் அதைச் சேர்த்துச்சு.

ஆனா 2023 தொடக்கம் வரைக்கும் ஸ்பாட்டிஃபைல அந்த ஆல்பத்தைத் தேடியிருந்தீங்கன்னா கிடைச்சிருக்காது. தேசிய நூலகத்துல இருக்கு, போன்ல இல்ல. ஏன்?

ஒரு வரி இல்லாததால

டி லா சோல் பாட்டு முழுக்க சாம்பிள். பழைய ரெக்கார்டுல இருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, அதையே சுத்திச் சுத்தி ஓட விட்டு, மேல ராப் பண்றது. அந்தத் துண்டை எடுக்கணும்னா ரெண்டு பேர்கிட்ட அனுமதி வாங்கணும். ஒண்ணு, அந்த ஒலிப்பதிவோட சொந்தக்காரர். இதைத்தான் மாஸ்டர் உரிமைன்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர். ரெண்டு பேருக்கும் தனித்தனியா காசு.

1989ல இதுக்கு முறையான வழக்கமே உருவாகல. டர்ட்டில்ஸ்ங்கற பழைய ராக் குழு, தங்களோட ஒரு பாட்டுத் துண்டை அனுமதி இல்லாம எடுத்துட்டாங்கன்னு வழக்கு போட்டாங்க. கோர்ட்டுக்கு வெளியில பேசி முடிச்சாங்க. 1991ல பிஸ் மார்க்கிங்கற இன்னொரு ராப்பர் மேல வந்த தீர்ப்புக்கு அப்புறம் நிலைமை இன்னும் இறுகிடுச்சு. அனுமதி வாங்காம சாம்பிள் எடுத்தா ஆபத்துன்னு எல்லா கம்பெனிக்கும் புரிஞ்சுது.

சரி, டி லா சோல் முறையா அனுமதி வாங்கின சாம்பிள்கள் கதை என்ன? அங்கதான் சிக்கல். அந்தக் கால ஒப்பந்தங்கள் வினைல், கேசட் மாதிரி கையில பிடிக்கிற பொருளை மனசுல வச்சு எழுதினது. டவுன்லோடு, ஸ்ட்ரீமிங்னு ஒண்ணு வரும்னு யாருக்குத் தெரியும்? "இனி வரப்போகிற எந்த வடிவத்துக்கும் சேர்த்து"ன்னு ஒரு வரி இருந்திருந்தா போதும். இல்ல. அதனால டிஜிட்டல்ல விடணும்னா ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி போய் நிக்கணும். உலகமே ஸ்ட்ரீமிங்குக்கு மாறின வருஷங்கள்ல அவங்க பழைய ஆல்பங்கள்ல இருந்து அந்த வழியா ஒரு காசு வரல.

அட்வான்ஸ்ங்கறது சம்பளம் இல்ல

இன்னொரு விஷயத்தையும் இங்கயே பார்த்துடுவோம். ரெக்கார்டு கம்பெனி கலைஞருக்கு அட்வான்ஸ் தரும். பார்க்க ஜாயினிங் போனஸ் மாதிரி இருக்கும். ஆனா அது கலைஞரோட ராயல்டி பங்குல இருந்து மட்டும் கழியும்.

புரியறதுக்கு நானா ஒரு கணக்கு போடுறேன். அட்வான்ஸ் 10 லட்சம் ரூபாய். ராயல்டி 15 சதவீதம். ஆல்பம் 50 லட்சத்துக்கு வித்துச்சு. உங்க பங்கு 7.5 லட்சம். கம்பெனி கைக்கு 42.5 லட்சம் போயிடுச்சு. ஆனா லெட்ஜர்ல நீங்க இன்னும் 2.5 லட்சம் பாக்கி! அந்தப் பாக்கியும் தீர்ந்த பிறகும் மாஸ்டர் கம்பெனி பேர்லதான் இருக்கும். ஹவுஸிங் லோன்ல கடைசி இஎம்ஐ கட்டினதும் பத்திரம் நம்ம கைக்கு வரும். இங்க வராது.

2019ல பழைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்ல விடப் பேச்சு நடந்தப்போ, அப்போ அவங்க லேபிள் முன்வச்ச கணக்குப்படி தங்களுக்கு 10 சதவீதம்தான் வரும்னு டி லா சோல் வெளிப்படையாவே சொன்னாங்க. சம்மதிக்கல. பேச்சு நின்னு போச்சு.

12 வருஷம் கழிச்சு ஒரு ஆல்பம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 2004ல வந்த "தி கிரைண்ட் டேட்"டுக்கு அப்புறம் குழுவோட முழு ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் வரல. மூணு பேருக்கும் நாற்பது தாண்டியாச்சு. மேடை நிகழ்ச்சிகள்தான் சோறு போட்டுச்சு. புது ஆல்பம் எடுக்கணும். சாம்பிள் இல்லாம டி லா சோல் இல்ல. சாம்பிள் எடுத்தா பழைய தலைவலி. கம்பெனிகிட்ட போனா பழைய லெட்ஜர்.

அவங்க செஞ்சது ரெண்டு வேலை.

முதல் வேலை, சாம்பிளைத் தாங்களே உற்பத்தி பண்ணாங்க. அவங்களோட மேடையில வாசிக்கிற ரிதம் ரூட்ஸ் ஆல்ஸ்டார்ஸ்ங்கற இசைக் குழுவை லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ஸ்டுடியோவுல உட்கார வச்சாங்க. பாட்டு, ராப் எதுவும் கிடையாது. சும்மா வாசிங்கன்னு விட்டு, 200 மணி நேரத்துக்கு மேல பதிவு பண்ணாங்க. அப்புறம் பழைய ரெக்கார்டு கடையில தூசி தட்டித் தேடுற மாதிரி, தங்களோட அந்தப் பதிவுகளுக்குள்ளயே தேடி, பிடிச்ச துண்டை வெட்டி எடுத்து அதுல பாட்டைக் கட்டினாங்க. சத்தம் அதே டி லா சோல் சத்தம். யார்கிட்டயும் அனுமதிக்கு நிக்க வேண்டாம்.

சிஏ கண்ணோட பார்த்தா இது அழகான முடிவு. வாடகைக்கு எடுத்துட்டு இருந்த மூலப்பொருளை சொந்தச் சொத்தா மாத்திட்டாங்க. முன்கூட்டியே செலவு ஜாஸ்தி. பின்னாடி வர்ற பொறுப்பு ரொம்பக் குறைவு.

ரெண்டாவது வேலை, பணம். 2015 மார்ச் கடைசியில கிக்ஸ்டார்ட்டர்ல 1,10,000 டாலர் கேட்டாங்க. ஒரு நாளுக்குள்ள அது தாண்டிடுச்சு. முடியும்போது 11 ஆயிரத்துக்கும் மேலான ரசிகர்கள் சேர்ந்து 6,00,874 டாலர் போட்டிருந்தாங்க.

இது திடீர்னு அடிச்ச அதிர்ஷ்டம்னு நினைக்காதீங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2014 காதலர் தினத்தன்னைக்கு, டிஜிட்டல்ல விக்க முடியாத தங்களோட பழைய ஆல்பங்களை 25 மணி நேரம் இலவசமாவே டவுன்லோடு பண்ண விட்டாங்க. வாங்கிக்கிறவங்க இமெயிலைக் கொடுக்கணும், அவ்வளவுதான். வருமானம் பூஜ்யம். ஆனா யார் நம்ம ரசிகர்ங்கற பட்டியல் கைக்கு வந்துச்சு. எந்த பேலன்ஸ் ஷீட்லயும் தெரியாத சொத்து அது.

வந்த பணத்துல கையில நின்னது எவ்வளவு?

சிடிசி வேற, கைக்கு வர்ற சம்பளம் வேறன்னு நமக்குத் தெரியும். இங்கயும் அப்படித்தான்.

- திரட்டினது: 6,00,874 டாலர்
- கிக்ஸ்டார்ட்டர் கட்டணம் 5 சதவீதம்: சுமார் 30,000
- பணப் பரிமாற்றக் கட்டணம், 3 சதவீதமும் ஒவ்வொருத்தருக்கும் 20 சென்ட்டும்: சுமார் 20,000
- மீதி: சுமார் 5,50,000 டாலர்

இதுக்கு மேல, காசு போட்ட 11 ஆயிரம் பேருக்கும் சொன்ன பொருளை அனுப்பற செலவு, ஸ்டுடியோ, இசைக்கலைஞர்கள், மிக்ஸிங், வரி. தாராளமான தொகை மாதிரி தெரிஞ்சது சீக்கிரம் சுருங்கிடும்.

கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு. இது கடன் இல்ல, வட்டி இல்ல. முதலீடும் இல்ல. காசு போட்டவங்களுக்கு ஆல்பம் கிடைக்கும், லாபத்துல பங்கு கிடைக்காது. அதனால ஆல்பத்தோட உரிமை முழுசா குழுகிட்டயே நின்னுச்சு. சொந்த லேபிள், பேரு ஏஓஐ.

வேலை சொன்ன தேதிக்குள்ள முடியல, தள்ளிப் போச்சு. 2016 ஆகஸ்ட் 26ல "அண்ட் தி அனானிமஸ் நோபடி" வெளிவந்துச்சு. 17 டிராக். ஸ்னூப் டாக், டேவிட் பைர்ன், டேமன் ஆல்பர்ன், அஷர், ஜில் ஸ்காட்னு பெரிய பேர்கள் வந்து பாடிக் கொடுத்தாங்க. பில்போர்டு 200 பட்டியல்ல முதல் வாரமே 12வது இடம். சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் வந்துச்சு. அதைவிட முக்கியம், வந்த நாள்லயே ஸ்ட்ரீமிங்ல இருந்துச்சு.

ஒண்ணை மறந்துடாதீங்க. இந்த ஆல்பத்துக்காக அவங்க மேடை நிகழ்ச்சியை விடல. மாச வருமானம் ஒரு பக்கம் ஓடிட்டே இருந்துச்சு, அது ஓடினதாலதான் இன்னொரு பக்கம் சொத்தைப் பொறுமையா கட்ட முடிஞ்சுது. "வேலையை விட்டாதான் சொந்தமா ஏதாவது பண்ண முடியும்"னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

19 நாள்

பழைய ஆல்பங்கள் என்னாச்சு? 2021ல ரிசர்வாயர்ங்கற நிறுவனம் அவங்க பழைய லேபிளையே சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. புது சொந்தக்காரரோட பேசி முடிஞ்சுது. ஒவ்வொரு சாம்பிளா அனுமதி வாங்கினாங்க, முடியாத சில இடங்களை மறுபடி வாசிச்சு மாத்தினாங்க. 2023 மார்ச் 3ல எல்லாம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்துச்சு.

டேவ் அதைப் பார்க்கல. பிப்ரவரி 12ல இறந்துட்டார். வயசு 54. பத்தொன்பது நாள் வித்தியாசம்.

இருபது வயசு வாக்குல போட்ட ஒரு கையெழுத்து. அதுல விட்டுப்போன ஒரு வரி சரியாக முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்தத் தேதிகளைக் குறிச்சு வைக்கும்போது எனக்குக் கொஞ்ச நேரம் வேற வேலை ஓடல.

இனி நம்ம பக்கம்

சிஏ முடிச்சு நான் சேர்ந்த முதல் வேலையில, ஜிஎஸ்டி வந்த புதுசுல, ரீகன்சிலியேஷனுக்கு ஒரு எக்ஸெல் டெம்ப்ளேட் போட்டேன். பல ஞாயித்துக்கிழமை அதுலயே போச்சு. வேலையை விடும்போது அதை எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டேன். முடியாதுன்னாங்க. கோபமா வீட்டுக்கு வந்து ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்துப் படிச்சேன். தெளிவா எழுதியிருந்துச்சு. அவங்க மேல தப்பில்ல. படிக்காம கையெழுத்து போட்டது நான்.

நம்ம காப்புரிமைச் சட்டம் 1957 என்ன சொல்லுதுன்னு சுருக்கமா:

1. பிரிவு 17: வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா, வேலையோட பகுதியா நீங்க உருவாக்கினதுக்கு முதல் உரிமையாளர் உங்க முதலாளி. வேலைக்கு வெளியில செஞ்சது உங்களோடது. ஆனா ஆஃபர் லெட்டர் அதையும் சேர்த்து எழுதிக் கேட்கலாம். "பணிக்காலத்தில் உருவாக்கிய அனைத்தும்"னு இருக்கா, "பணி தொடர்பாக உருவாக்கியவை"ன்னு இருக்கான்னு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல உங்க யூடியூப் சேனலே இருக்கலாம்.

2. பிரிவு 18: 2012 திருத்தத்துக்கு அப்புறம், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது புழக்கத்துல இல்லாத புது ஊடகத்துக்கு அது செல்லாது, ஒப்பந்தத்துல அந்த ஊடகத்தைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தா ஒழிய. டி லா சோல் மாட்டினது இதே கேள்வியிலதான்.

3. பிரிவு 19: உரிமை மாற்றம் எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம்னும், எந்தப் பகுதிக்குன்னு சொல்லலன்னா இந்தியா முழுக்கன்னும் எடுத்துப்பாங்க. ஃப்ரீலான்ஸா டிசைன், எடிட்டிங், மியூசிக் பண்றவங்க இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க.

கூடவே ஜாயினிங் போனஸ். எத்தனை மாசத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பித் தரணும்? டிடிஎஸ் போக கைக்கு வந்த தொகையா, முழுத் தொகையா? இதை ஹெச்ஆர்கிட்ட இமெயில்ல கேட்டு, பதிலைச் சேமிச்சு வைங்க. கேட்கிறதுக்குக் கூச்சப்படாதீங்க. கேள்வி கேட்டதுக்காக ஆஃபரை வாபஸ் வாங்குற கம்பெனி இருந்தா, அது சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதான்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. உங்க ஆஃபர் லெட்டர் பிடிஎஃப் எங்க இருக்குன்னு தேடி, சிடிசி பக்கத்தைத் தாண்டி முழுசா ஒரு தடவை படிங்க. அரை மணி நேரம் ஆகும். ஜாயினிங் போனஸ் திருப்பிக் கொடுக்கிற கணக்கை அடுத்த வீடியோவுல எக்ஸெல்லோட போட்டுக் காட்டுறேன். இந்தத் தடவை டெம்ப்ளேட் என்னோடது, தாராளமா டவுன்லோடு பண்ணிக்கலாம்.