எவரெஸ்ட் ட்ரெக் போறீங்களா? முதல்ல காத்மாண்டுல தூங்குங்க!

ஆறு மாசம் ஜிம், புது ஷூ, நண்பனிடம் கடன் வாங்கிய ஸ்லீப்பிங் பேக்... எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு எல்லாமே ரெடி. ஆனால், அதற்கு முன்பு காத்மாண்டுவில் தங்கும் இரண்டு நாள்களில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டூரிஸ்ட்கள் குவியும் தமேல் ஏரியா அப்படி. பகல் முழுக்க பைக் ஹாரன், ராத்திரியானால் மாடி பார்களில் லைவ் பேண்ட்.

சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நாலைந்து மணி நேரம் ரோட்டில் போய், ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியில் ஏற வேண்டும். அதற்கான வண்டி தமேலில் கிளம்புவதே நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு. பேண்ட் ஓயும் நேரத்தில் உங்க அலாரம் அடிக்கும்! காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். லுக்லா 2,800-க்கும் மேல். மேலே போய்த் தலை வலித்தால், அது தூக்கம் கெட்டதாலா, உயரத்தாலா என்று உங்களுக்கே புரியாது. அந்தக் குழப்பம்தான் ஆபத்து.

அதனால, ரூம் போடும்போதே தெருவைப் பார்க்காத பின்பக்க ரூமாகக் கேளுங்கள். இல்லையென்றால் பௌதா பக்கம் தங்குங்கள். விடிவதற்கு முன் அங்கிருக்கும் பெரிய ஸ்தூபியை வலமாகச் சுற்றிப் பாருங்கள். கடைகள் திறந்திருக்காது. காலடிச் சத்தம், மந்திர முணுமுணுப்பு, புறாக்கள், அவ்வளவுதான்.

தமேலில்தான் ரூம் என்றால், வாசலிலேயே இருக்கிறது ‘கார்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’. கைசர் ஷம்ஷேர் என்ற ராணா வம்சத்துக்காரர் 1920-களில் அமைத்த தோட்டம். ஆறு பருவங்களுக்கு ஆறு மண்டபங்கள் கட்டியிருக்கிறார். (ஆமாம், கார், கூதிர் என்று ஸ்கூல்ல படிச்சோமே, அதே கணக்கு!) இப்போது மிச்சமிருப்பது மூன்று. டிக்கெட் உண்டு. ஒரு புத்தகத்தோடு போய்ப் புல்வெளியில் படுத்துவிடலாம்.

என் ஓட்டு மட்டும் இதும் பஹாலுக்கு. இந்திரா சௌக் பஜார் நெரிசலில் தோள் இடித்துக்கொண்டு போகும்போது, குனிந்து நுழைகிற மாதிரி சின்னச் சின்ன வழிகள் கண்ணில் படும். நேவார் மக்களின் பழைய பௌத்த மடாலய முற்றங்கள் இவை. ‘பஹால்’ என்பார்கள். அதில் பெரியவற்றுள் ஒன்று இது. உள்ளே போனால் பஜார் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். ஆனால், இது மக்கள் வாழும் இடம். கேமராவை நீட்டாமல் ஓரமாக உட்காருங்கள்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் ஆறு மணிக்குள் பேக்கிங்கை முடிச்சிடுங்க. ஷாப்பிங்? தமேல் எங்கேயும் போயிடாது, இறங்கி வந்ததும் பார்த்துக்கலாம்.